ஓடுவது போல் நிற்கும் எழுத்து!

மனிதனுக்கு நடை உண்டு. எழுத்துக்கும் நடை உண்டு. நிமிர்ந்து நிற்கும் எழுத்து இருக்கிறது. சாய்ந்து ஓடுவது போன்ற எழுத்தும் இருக்கிறது.

கடைப் பலகை, சினிமா சுவரொட்டி, பஸ்ஸின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் ஒரு வகை எழுத்தை அடிக்கடி காணலாம். அது தடித்திருக்கும். கோடு எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்கும். வலது பக்கம் சற்றே சாய்ந்திருக்கும்.

இந்த எழுத்து எப்படிப் பிறந்தது? இதை எங்கே எழுதலாம்? எங்கே எழுதக் கூடாது?

மூன்று குணங்கள்

முதல் குணம், சாய்வு. இத்தாலி நாட்டில் வெனிஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஆல்டஸ் மனூஷியஸ் என்பவர் அச்சகம் நடத்தினார். 1501-ம் ஆண்டில் அவர் ஒரு புத்தகம் முழுவதையும் சாய்ந்த எழுத்தில் அச்சிட்டார். கையால் வேகமாக எழுதினால் எழுத்து சாயும் அல்லவா? அதைப் பார்த்துச் செய்த அச்சு அது.

இரண்டாவது குணம், ஒரே பருமன். ஆங்கில எழுத்தின் முனைகளில் பாதம் போல் சிறு கோடு இருப்பது உண்டு. 1816-ம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த வில்லியம் காஸ்லன் பாதம் இல்லாத அச்செழுத்தை வெளியிட்டார். அந்த வகைக்குச் "சான்ஸ் செரிப்" என்று பெயர். தமிழ் எழுத்துக்கு அப்படிப்பட்ட பாதம் கிடையாது. ஆகவே, கோட்டை ஒரே பருமனாக வரைந்தால் அதுவே தமிழில் இந்த வகை.

மூன்றாவது குணம், தடிப்பு. இது விளம்பரம் கொடுத்த குணம். 19-ம் நூற்றாண்டில் சுவர்களில் பெரிய விளம்பரத் தாள்களை ஒட்டினார்கள். தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வேண்டும். அதனால் எழுத்து தடித்தது!

கல்லில் வந்த எழுத்து

ஊரார் பார்ப்பதற்காக எழுதுவது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் வல்லம் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து செய்த கோவில் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் கீழ் இருந்த சிற்றரசரின் மகன் கந்தசேனன் அதைச் செய்வித்தான். அந்தச் செய்தியைத் தமிழில் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். வெட்டி 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அதே சாலையில் மேலே போனால் மாமல்லபுரம். அதற்கு வடக்கே சாளுவன்குப்பம். அங்குள்ள அதிரணசண்ட மண்டபத்தில் ஒரு புதுமை உண்டு. வடமொழிப் பாடல்களை ஒரு பக்கச் சுவரில் கிரந்த எழுத்தில் வெட்டினார்கள். மறுபக்கச் சுவரில் அதே பாடல்களை வடநாட்டு நாகரி எழுத்தில் வெட்டினார்கள்.

2004-ம் ஆண்டு சுனாமி வந்தது. சாளுவன்குப்பத்தில் மணல் அரித்தது. ஒரு பாறையில் பழைய எழுத்துக்கள் வெளியே தெரிந்தன. அவை ஒரு முருகன் கோவிலைப் பற்றிச் சொல்லின. தொல்பொருள் துறையினர் அருகில் தோண்டினார்கள். மணலுக்குள் புதைந்து கிடந்த கோவில் கிடைத்தது!

எழுத்தைப் படிக்க முடிந்தது, கோவில் கிடைத்தது. எழுத்து சிதைந்திருந்தால்?

கல்பாக்கமா, கேளம்பாக்கமா?

இன்றைய பலகைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம். வடக்கே கேளம்பாக்கம். இரண்டு பெயரும் "பாக்கம்" என்றுதான் முடிகின்றன. பஸ்ஸின் முன்புறப் பலகையில் எழுத்து அளவுக்கு மீறித் தடித்து, அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? எழுத்துக் கூட்டிப் படிக்கப் புதிதாகக் கற்ற தாய் திகைப்பார். தெற்கே போக வேண்டியவர் வடக்கே போய்விடுவார்.

ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். "ண" என்றால் மூன்று சுழி. "ன" என்றால் இரண்டு சுழி. கோடு தடித்தால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை மறைந்துவிடும். அப்போது "பணி" எது, "பனி" எது? புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டால் "கல்" என்பது "கல" ஆகிவிடும்!

கம்ப்யூட்டரில் நிமிர்ந்த எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்ப்பது சுலபம். ஆனால் வட்டமான சுழி நசுங்கிவிடும். ஆகவே தேர்ந்த கலைஞர்கள் சாய்ந்த எழுத்தைத் தனியாக வரைகிறார்கள். சுழியைச் சற்று அகலமாக்குகிறார்கள். கோடுகள் சேரும் இடத்தைச் சிறிது மெலிய வைக்கிறார்கள். புள்ளிக்குத் தனி இடம் விடுகிறார்கள்.

எங்கே ஏற்றது?

விளையாட்டுச் செய்தித் தலைப்பு, சினிமாப் பெயர், "தள்ளுபடி" அறிவிப்பு போன்றவற்றுக்கு இந்த எழுத்து மிகவும் ஏற்றது. ஒன்றிரண்டு சொற்கள்தான் இருக்க வேண்டும். வேகமும் பரபரப்பும் அதில் தெரியும்.

பக்கம் முழுவதும் இந்த எழுத்தே இருந்தால் கண் களைத்துவிடும். மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி வழிகாட்டி, பஸ்ஸில் ஊர்ப் பெயர் ஆகியவற்றுக்கு நிமிர்ந்த எழுத்தே நல்லது.

கடைக்குப் பலகை எழுதப் போகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாதிரியைச் சுவரில் ஒட்டுங்கள். இருபது அடி தள்ளி ஒரு சிறுவனை நிறுத்துங்கள். படிக்கச் சொல்லுங்கள். அவன் தடுமாறாமல் படித்தால் எழுதலாம். தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள்!

அழகு பிறகு. முதலில் படிக்க வேண்டும்.