ஜமாஅத் கடிதமும் நீதிமன்றத் தீர்ப்பும்: மணவிலக்குச் சட்டம் பற்றிய ஒரு விளக்கம்

 

சிறுமலை அடிவாரத்து ஊரொன்றில் ஒரு சகோதரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றார். ஐந்தாண்டுகளாகச் செலவுக்குப் பணமும் இல்லை, தகவலும் இல்லை. ஊர் ஜமாஅத்தார் இரக்கப்பட்டு, "இத்திருமணம் முறிந்துவிட்டது" என்று முத்திரையிட்ட கடிதம் ஒன்றைத் தருகின்றனர். அதனை நம்பி அப்பெண் மறுமணம் செய்து கொள்கிறார். ஓராண்டு கழித்து முதற்கணவர் திரும்பி வந்து, "நான் தலாக் சொல்லவே இல்லையே!" என்கிறார். அக்கடிதம் அப்பெண்ணைக் காக்குமா?

காக்காது. முதல் திருமணம் சட்டப்படி நிலைத்திருக்கையில் மறுமணம் செய்த பெண்மீது குற்றவழக்குத் தொடர இடமுண்டு. அதற்கு ஏழாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு தரப்பட்ட ஒரு தாள் இந்நிலைக்குக் கொண்டு வந்துவிடக் கூடும் என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் முதலில் உணர வேண்டும்.

சென்னை உயர்நீதிமன்றம் இதுபற்றித் தெளிவாகவே கூறியுள்ளது. வக்ஃபு வாரிய முன்னாள் தலைவர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயமே, அது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமும் காஜிக்கு நீதிபதியின் அதிகாரத்தைத் தரவில்லை. 2023இல், தனியார் ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலா சான்றிதழை அதே நீதிமன்றம் ரத்துச் செய்தது. குலா கேட்பது பெண்ணின் உரிமைதான், ஆனால் அதற்கு அணுக வேண்டிய இடம் குடும்பநல நீதிமன்றம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

"மார்க்கத்தில் நீதிமன்றம் நுழையலாமா?" என்று சிலர் கேட்கின்றனர். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் தம் மணவாழ்வை முடித்துக்கொள்ள விரும்பியபோது யாரிடம் சென்றார்? நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, விலக்களிக்குமாறு கணவருக்கு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். தீர்ப்பளிக்கும் அதிகாரம் உடையவரிடம் வழக்கைக் கொண்டு செல்வது நமக்குப் புதியதன்று.

பெண்களுக்கு உதவும் சட்டங்களில் தலையாயது 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். இதன் வரலாறு நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. கணவன் காணாமற்போனாலும் கைவிட்டாலும் விடுதலை பெற ஹனஃபி மத்ஹபில் வழி மிகக் குறுகலாக இருந்தது. தவித்த பெண்களுக்காக மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற உலமாக்கள் மாலிகி மத்ஹபின் தீர்வை ஏற்கலாம் என்று எழுதினர். மத்திய சட்டசபையில் காஜி முஹம்மது அஹ்மது காஸ்மி அதனை மசோதாவாகக் கொணர்ந்தார். ஆக, இது உலமாக்கள் திறந்துவிட்ட வாசல்.

இச்சட்டப்படி, கணவன் நான்காண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனாலும், ஈராண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டாலும், மூன்றாண்டுகள் தக்க காரணமின்றி இல்லறக் கடமையைச் செய்யாவிட்டாலும், ஏழாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றாலும், கொடுமை செய்தாலும் மனைவி நீதிமன்றத்தை நாடலாம். வேறு சில காரணங்களும் உண்டு. காணாமற்போனவர் விஷயத்தில் மட்டும் தீர்ப்புக்குப் பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் அவர் வந்து கடமையாற்ற ஆயத்தம் என்று நீதிமன்றம் ஏற்குமாறு சொன்னால் தீர்ப்பு நீக்கப்படும். நாம் மேலே சொன்ன சகோதரிக்கு ஈராண்டு ஜீவனாம்சக் குறைவே போதிய காரணமாயிருந்தது. மஹர் உரிமையும் இதனால் போய்விடாது.

இனி ஆண்களுக்கு. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கிற்று. முறைப்படியான தலாக் இன்றும் செல்லும். எனினும் தக்க காரணம் வேண்டும், அதற்கு முன் இரு தரப்பிலும் ஒவ்வொரு நடுவர் அமர்ந்து சமாதானம் முயன்றிருக்க வேண்டும் என்று ஷமீம் ஆரா வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது. திருக்குர்ஆன் 4:35 கூறும் நடுவர் முறையும் இதுதானே! ஜமாஅத்தின் உண்மையான பணி இங்கேதான் இருக்கிறது. கடிதம் எழுதுவதை விடுத்து, இரு வீட்டாரையும் அமர்த்திப் பேசட்டும், பேசியதைத் தேதியிட்டுப் பதிவேட்டில் குறிக்கட்டும். தலாக் சொன்னதாகக் கணவர் கூறி மனைவி மறுத்தால், கணவரே நீதிமன்றத்தில் அதனை நிறுவ வேண்டும் என்று மதுரைக் கிளை 2024இல் கூறியுள்ளது.

ஜீவனாம்சம் இத்தாவோடு முடிந்தது என்று எண்ணுவோரும் உளர். மனைவியின் பிற்கால வாழ்வுக்கு வேண்டிய நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்திற்குள்ளேயே செய்து கொடுக்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டு தானியல் லத்தீஃபி வழக்கின் தீர்ப்பு. பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் முஸ்லிம் பெண்ணுக்கு உண்டென்று 2024 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வழக்குக்குச் செல்வோர் நிகாஹ் பதிவேட்டின் நகல், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிந்திருந்தால் அச்சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மஹர் மற்றும் சீர்ப்பொருள்களின் விவரம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நீதிமன்றம் முதலில் சமரசத்திற்கே முயலும். ஆலோசகரிடம் அனுப்பினால் சலிப்படைய வேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று மலையடிவாரத்திலேயே முடங்கிவிடவும் வேண்டாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்திருக்கிறது. திண்டுக்கல்லில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.