போர் வண்டி வருவதற்கு முன்

கம்பம் பள்ளத்தாக்கில் போர் போடுவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் வண்டி நின்று இரையும். முதலில் செம்மண் வரும், பிறகு சாம்பல் நிறப் பாறைத்தூள், யோகம் இருந்தால் தண்ணீர். அடியில் என்ன இருக்கிறது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும்.

இனி நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்காகவும் நாட்டில் துளை போடப்போகிறார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. நாட்டில் சுமார் 10,600 மெகாவாட் எடுக்கலாம் என்பது மதிப்பீடு. நிலக்கரிப் புகை இல்லை, இரவு பகல் பாராமல் ஓடும். நல்லதுதான்.

ஆனால் ஆழத்து வெந்நீரோடு ஆர்செனிக், போரான், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவையும் மேலே வரலாம். லடாக்கின் பூகாவில் ஓஎன்ஜிசி துளையிட்டபோது, 2022 ஆகஸ்டில் ஆழத்து நீர் கசிந்து அங்குள்ள ஓடையில் கலந்தது. ஜெர்மனியின் ஸ்டௌஃபனில் 2007-இல் நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீட்டர் வரை துளையிட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் அடுக்கில் புகுந்து அதை ஜிப்சமாக்க, தரை உப்பி 250-க்கும் மேற்பட்ட வீடுகள் விரிசல் விட்டன. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15-இல் வந்த நிலநடுக்கத்தை, புவிவெப்பத் திட்டத்துக்காகச் செலுத்திய நீரே தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019-இல் சொன்னது.

எடுத்த நீர் ஆழத்துக்கே திருப்பி அனுப்பப்படுமா? கேசிங் குழாயைச் சுற்றி சிமெண்ட் அடைத்து நிலத்தடி நீரைக் காப்பார்களா? கேட்பது மக்களின் உரிமை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தேனியிலேயே சாட்சி உண்டு. பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம் மின்திட்டம் அல்ல. மலைக்குள் சுமார் 2 கி.மீ. சுரங்கம் கேட்ட திட்டம். சூழலியல் அமைப்பான ‘பூவுலகின் நண்பர்கள்’ தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கி.மீ. தொலைவில் இருந்தது, 5 கி.மீ.க்குள் வரும் திட்டத்தைக் கூடுதல் கண்டிப்போடு பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. அந்த நூறு மீட்டர் போதுமானதாக இருந்தது. 2017 மார்ச் 20-இல் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2018-இல் புதிய அனுமதியை ஏற்ற தீர்ப்பாயமும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றது.

வழிகள் எளியவை. கிராம சபையில் தீர்மானம் போடலாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் முறையிட 30 நாள் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இழப்பீடு கோர 5 ஆண்டு வரை காலம் உண்டு.

எதற்கும் ஆதாரம் வேண்டும். துளை விழுவதற்கு முன்பே கிணற்று நீரைப் பரிசோதித்து, நீர்மட்டத்தைக் குறித்து, வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.