குறுக்கெழுத்துப் புதிரும் இணையத் துணைகளும்

மக்கள் ஓய்வுநேரத்தைப் போக்குதற்கு அமைத்துக்கொண்ட விளையாட்டுகளுள் உடலுக்கு உரியன சில, உள்ளத்துக்கு உரியன சில. இரண்டாம் வகையினவற்றுள் இன்று உலகெங்கும் பரவி நிற்பது குறுக்கெழுத்துப் புதிர். நம் கல்லூரி மாணவருள்ளும் இதில் ஈடுபாடுடையோர் பலர் உளர். அவர்களுக்கு இணையத்தின் வழியாகக் கிடைக்கும் துணைகள் யாவை, அவற்றைக் கையாளும் முறை யாது, அவற்றால் கைகூடாதது யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1913-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் ஒரு சொற்கட்டத்தை வெளியிட்டார். இப்புதிரின் வரலாறு அன்று தொடங்குவதாகக் கூறுவர். சில ஆண்டுகளில் அது கடல்கடந்து இங்கிலாந்துக்கும், பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. 1930-களில் 'ஆனந்த விகடன்' பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டியை நடத்தியபோது, தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் மக்கள் எழுதுகோலும் கையுமாகக் கட்டங்களை நிரப்பலாயினர்.

ஆயினும் கட்டங்களுள் எழுத்துகளை அடைத்துச் சொல்லாடும் கலை தமிழருக்குப் புதியதன்று. நம் மாவட்டத்துக் கடற்கரையாகிய மாமல்லபுரமே அதற்குச் சான்று பகரும். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் காஞ்சிப் பல்லவர் அவைக்களத்தில் விளங்கிய தண்டி என்னும் வடமொழிப் புலவர், தாம் மாமல்லபுரம் சென்ற வரலாற்றை 'அவந்திசுந்தரி கதை' என்னும் நூலில் கூறுகின்றார். கடற்கரையில் பள்ளிகொண்ட திருமால் திருவுருவத்தின் முறிந்த கையை இலளிதாலயன் என்னும் சிற்பி பொருத்தியிருந்தான். ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலப்படாத அவ்வேலைத்திறத்தைக் காணவே தண்டி சென்றார். அவரே தம் 'காவியாதரிசம்' என்னும் அணிநூலில் பிரகேளிகை எனப்படும் புதிர்களைப் பதினாறாக வகுத்து இலக்கணம் கூறியவர். பொருத்தின் வாய் தெரியாதபடி பொருத்துவதே நல்ல சிற்பத்துக்கும் நல்ல புதிருக்கும் பொதுவான இலக்கணம் என்பதை அவர் நன்குணர்ந்திருப்பார் என்று நாம் கருதுவதில் தவறில்லை.

மாமல்லபுரத்துக் கல்லிலும் இருபொருள் விளையாட்டு உண்டு. கணேச இரதத்திலும் தருமராச மண்டபத்திலும் பொறிக்கப்பெற்ற வடமொழிச் சுலோகங்களுட் சில, ஒருவகையில் நோக்கச் சிவபெருமானையும், மற்றொருவகையில் நோக்க அத்தியந்தகாமன் என்னும் பட்டம் பூண்ட பல்லவ வேந்தனையும் புகழ்வன. பெரும்பாறைச் சிற்பத்தையும் அருச்சுனன் தவம் என்பார் ஒருசாரார், பகீரதன் தவம் என்பார் மற்றொருசாரார். இரண்டும் குறித்துச் செதுக்கிய கற்சிலேடை அது என்பாரும் உளர். அருச்சுனன் தவத்தைப் பாடிய பாரவியின் 'கிராதார்ச்சுனீயம்' பதினைந்தாம் சருக்கத்தில், எத்திசையிற் படித்தாலும் மாறாத எழுத்துக்கட்டச் செய்யுளும் அமைந்திருத்தல் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

தண்டியின் நூலைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த தமிழ்த் 'தண்டியலங்காரம்', கோமூத்திரி முதல் அக்கரச்சுதகம் ஈறாகப் பன்னிரண்டு மிறைக்கவிகளைக் கூறுகின்றது. அவற்றுள் சருப்பதோபத்திரமும் சுழிகுளமும் கட்டங்களில் எழுதிப் பலதிசையிலும் படிக்கத் தக்கவை. எஞ்சியவற்றுட் சில, இன்றைய மறைகுறிப்புப் புதிரின் உத்திகளாகவே இருத்தல் வியப்புக்குரியது. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவாம். பிறைக்கோட்டுள் உள்ள எண் விடையின் எழுத்துத் தொகை.

அக்கரச்சுதகம் என்பது எழுத்தை நீக்க வேறு சொல் பிறப்பது. "விமானத்து உச்சி தலையிழந்தால் கை மிஞ்சும் (4)" என்பதன் விடை சிகரம். சி நீங்கக் கரம். எழுத்துவருத்தனம் என்பது எழுத்துக் கூடக் கூட வேறு சொல் ஆவது. "சுட்டெழுத்தொன்று சிற்பியின் பொருளோடு சேர விளக்காகும் (3)" என்றால், அகரமும் கல்லும் சேர்ந்து அகல் என்க. மாலைமாற்று என்பது இறுதியிலிருந்து படிப்பினும் மாறாதது. "திருப்பிப் பார்த்தாலும் அவரே நகைச்சுவைப் புலவர் (5)" என்பதற்கு விகடகவி. ஒரு பாட்டினுள் மற்றொன்று மறைந்திருப்பது கரந்துறைச் செய்யுள். அம்முறையில் "அழகு மரித்தாலும் அதனுள் கன்னி ஒளிந்திருக்கிறாள் (3)" என்னும் குறிப்பின் முதலிரு சொற்களுக்கு நடுவே குமரி இருத்தல் காண்க.

வினாவுத்தரம் என்பது பல வினாக்களின் விடைகள் கூடி ஒரு விடையாவது. "நாற்படை ஆட்டம் யாது? நெய்தல்நிலத்துப் பேரூர் யாது? இரண்டும் கூடிய டச்சுக்காரர் கோட்டை எது? (11)" என்பதற்குச் சதுரங்கமும் பட்டினமும் சேர்ந்து சதுரங்கப்பட்டினம் ஆகும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அக்கோட்டை இன்றும் நிற்கின்றது. சிலேடைக்கு "கடலும் சக்கரமும் ஒன்றே (2)" என்பதைக் கொள்ளலாம், விடை ஆழி. இவ்வுத்திகளைக் கற்க விரும்புவோர் முதலில் தண்டியலங்காரச் சொல்லணியியலைப் படித்தல் நன்று. மதுரைத் திட்டம் என்னும் பெயரால் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மின்னூல் முயற்சி, பழந்தமிழ் நூல்கள் பலவற்றை யாவரும் விலையின்றிப் படிக்க இணையத்தில் வைத்துள்ளது.

இனி விடை காண்பதற்குரிய துணைகளைக் கூறுவாம். ஒரு சொல்லின் முதலெழுத்துத் தெரியுமாயின் அகரவரிசை உதவும். இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்தால் யாது செய்வது? பொருள் தெரிந்து பெயர் தெரியாதவிடத்து யாது செய்வது? இவ்வினாக்களுக்கு நம் முன்னோர் ஏற்கெனவே விடை கண்டிருந்தனர். வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய 'சதுரகராதி' நான்கு பகுதிகளை உடையது. ஒரு சொல்லின் பல பொருள்களைப் பெயரகராதியும், ஒரு பொருளின் பல பெயர்களைப் பொருளகராதியும், முக்குணம் ஐம்பொறி போன்ற தொகைகளைத் தொகையகராதியும், எதுகைச் சொற்களைத் தொடையகராதியும் தருகின்றன. அதற்கு முற்பட்ட மண்டலபுருடரின் 'சூடாமணி நிகண்டு' பதினோராம் தொகுதியும் எதுகை முறையில் அமைந்ததே. எதுகையாவது இரண்டாம் எழுத்து ஒன்றுதல். ஆகவே இவை இரண்டாம் எழுத்தைக் கொண்டு சொல் தேடுவார்க்கு ஏற்ற கருவிகள். செய்யுள் இயற்றுவோர்க்காகச் செய்தவை கட்டம் நிரப்புவோர்க்கும் பயன்படுகின்றன.

இந்நூல்களைக் காண முன்னர்ப் பெரிய நூலகங்களுக்குச் செல்லவேண்டியிருந்தது. 2001-இல் தமிழ்நாட்டரசு நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவது, நிகண்டுகளையும் அகராதிகளையும் தன் மின்னூலகத்தில் தந்துள்ளது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும், மிஷனரிமார் உழைப்பில் உருவான பெப்ரீசியசு, வின்சுலோ அகராதிகளையும் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியுள்ளது. அச்சுநூலில் தலைச்சொல்லை மட்டுமே தேடலாம். மின்வடிவிலோ பொருள் கூறும் பகுதியிலும் தேடலாம். ஒரு மரத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டால், அதனைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பலவும் ஒருங்கே வந்து நிற்கும். 2004-இல் தோன்றிய தமிழ் விக்சனரி இலட்சக்கணக்கான சொற்களை உடையது. எவரும் திருத்தத்தக்கது ஆதலின், அதிற் கண்டதைப் பேரகராதியோடு ஒத்துநோக்கிக் கொள்ளல் வேண்டும்.

ஆங்கிலப் புதிருக்கு, தெரிந்த எழுத்துகளை இட்டுத் தெரியாத இடங்களில் வினாக்குறியிட்டால் பொருந்தும் சொற்களையெல்லாம் அடுக்கித் தரும் 'ஒன்லுக்' போன்ற தளங்கள் உள்ளன. தமிழில் இம்முறை அத்துணை எளிதன்று. காரணம், நாம் எழுத்து என எண்ணுவதைக் கணிப்பொறி அவ்வாறே எண்ணுவதில்லை. கொடி என்பது நமக்கு இரண்டெழுத்து. யூனிகோடு முறையில் ககரம், ஒகரக்குறி, டகரம், இகரக்குறி என நான்கு குறிகள். பட்டு நமக்கு மூன்று. கணிப்பொறிக்குப் புள்ளியும் சேர ஐந்து. ஆகவே மூன்றெழுத்துச் சொல் வேண்டுமென்று சாதாரணக் கருவியைக் கேட்டால் அது தவறாக எண்ணும். ஓபன் தமிழ் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுதி, குறிகளைச் சேர்த்துத் தமிழெழுத்தாகப் பிரித்துக் கொடுத்து இக்குறையை நீக்குகின்றது. கணிதமும் கணினியியலும் பயிலும் நம் மாணவர் அதனைக் கொண்டு தமிழுக்கு நல்ல சொல்தேடியை அமைத்தல் கூடும்.

கருவி இல்லாதவிடத்தும் இலக்கணம் கைகொடுக்கும். ஆங்கிலத்துக்கு எழுத்து 26, தமிழுக்கோ 247. ஆதலால் குறுக்கே வெட்டும் ஓரெழுத்துத் தமிழில் மிகுந்த செய்தியைத் தருகின்றது. மெய்யெழுத்து எச்சொல்லுக்கும் முதலாகாது. எனவே புள்ளியெழுத்து நிற்கும் கட்டத்தில் வேறொரு சொல் தொடங்க இயலாது. தனித்தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் என்பவற்றின் பின் அவ்வவ்வெழுத்தே வரும். ர், ழ் என்பவற்றின் பின் அவ்வெழுத்தே மீண்டும் வாரா. ட், ற் என்பவற்றின் பின் தம்மெழுத்தையன்றிக் ககர சகர பகரங்களே வரும். சொல்லிறுதியில் வல்லினமெய் நில்லாது. வகுப்பறையில் கசப்பாய்த் தோன்றிய நன்னூல் விதிகள் கட்டத்தின்முன் இருந்து பார்க்கையில் இனிக்கும். பக்தி, சக்தி போன்ற வடசொற்கள் இவ்விதிகளைக் கடந்து வருதலை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்விளையாட்டு நெறி தவறிய காலமும் உண்டு. பெரும்பரிசு நோக்கி நடத்தப்பெற்ற போட்டிகளில், ஒரு குறிப்புக்குப் பல சொற்கள் பொருந்துமாறு வைத்து, முன்னரே முத்திரையிட்ட விடையோடு ஒத்தவர்க்கே பரிசு என்றனர். அறிவுக்கு இடமின்றி வாய்ப்பே ஆட்சி செய்தது. 1955-இல் பரிசுப்போட்டிச் சட்டம் இயற்றி, திங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் போட்டிகளை நடுவணரசு தடுத்தது. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில், வாய்ப்பையே நம்பிய இத்தகைய போட்டி சூதாட்டமேயன்றி வாணிகம் ஆகாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல புதிராவது ஒரு குறிப்புக்கு ஒரே விடை உடையதாய், விடை கண்டபின் வேறொன்றும் பொருந்தாது என்னும் தெளிவை உண்டாக்குவது என்பதை இதனால் அறிகின்றோம்.

இக்காலத்து இடர் வேறொன்று. பரிசின் ஆசை போய், விடையின் அவசரம் வந்துள்ளது. குறிப்பை அப்படியே இட்டால் விடையை நொடியில் உரைக்கும் தளங்களும் பொறிகளும் பல. அவற்றால் கட்டம் நிரம்பும், உள்ளம் நிரம்பாது. அகராதியை நாடுவதற்கும் விடையை வாங்குவதற்கும் வேற்றுமை பெரிது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடிச் செல்வோன் வழியில் பத்துச் சொற்களைக் கண்டு மீள்வான். விடையை வாங்குவோன் அந்த ஒன்றையும் மறுநாள் மறப்பான். ஆகவே முதலில் தன் நினைவாலும், பின்னர் இலக்கணத்தாலும், அதன்பின் நிகண்டாலும் அகராதியாலும் முயன்று, இறுதியிலேயே விடைப்பக்கத்தை நோக்குதல் முறையாகும்.

மற்றொன்றும் கூறி முடிப்பாம். விடை காண்போராய் மட்டுமின்றிப் புதிர் அமைப்போராயும் நம் மாணவர் ஆதல் வேண்டும். வட அமெரிக்காவில் வாழும் தமிழரும் தம் 'தென்றல்' இதழில் தமிழ்ப் புதிர்களை வெளியிட்டனர் என்றால், செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து பயிலும் நமக்கு அது அரிதாமோ? கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் வடகாற்றை வாடை என்றும் நிகண்டு கூறும் சொற்கள் கடலோர மீனவர் வாயில் இன்றும் வழங்குகின்றன. கட்டுமரம் என்னும் அவர்தம் சொல் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. எந்த அகராதியிலும் ஏறாத சொற்கள் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களிலும், பாலாற்றங்கரை வயல்களிலும் இன்னும் பலவாக இருத்தல் கூடும். வழங்குவோர் குறைந்தால் அவை மறையும். மறைந்த பின் எந்த இணையமும் அவற்றை மீட்டுத் தராது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய சொற்கள் பத்தைப் பொருளோடு கேட்டெழுதிக் கொணர்ந்தால், அடுத்த ஆண்டு மலரில் நம் கடற்கரைச் சொற்களாலேயே ஒரு குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கலாம். அப்புதிருக்கு விடை காண முயல்வோர் அச்சொற்களையும் அறிந்தவராவர்.