உடைந்த கையோடு வாழ்ந்த டைலோபோசாரஸ்

கழுத்தைச் சுற்றி விசிறிபோல விரியும் தோல், கண்ணைக் குருடாக்கும் நஞ்சைத் துப்பும் வாய்! 1993இல் வெளியான ‘ஜுராசிக் பார்க்’ படத்தைப் பார்த்தவர்களின் மனதில் டைலோபோசாரஸ் என்ற டைனோசர் இப்படித்தான் பதிந்திருக்கிறது. அந்தத் தோலுக்கும் நஞ்சுக்கும் எலும்புகளில் எந்தச் சான்றும் கிடையாது. படத்தில் ஆள் உயரம்கூட இல்லாத அந்த விலங்கு, நிஜத்தில் சுமார் 7 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் கொண்டது. பிற்காலத்து டைரனோசாரஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நடுத்தர உருவம்தான். ஆனால் 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், வட அமெரிக்காவில் அதை மிஞ்சிய ஊனுண்ணி இதுவரை அறியப்படவில்லை.

கண்டுபிடித்தவர்

1940இல் அமெரிக்காவின் அரிசோனாவில், நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இந்த எலும்புகளை முதலில் கண்டவர் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் என்ற நவாஹோக்காரர். 1942இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வெல்ஸை அங்கே அழைத்துப்போய்க் காட்டியவரும் அவரே. வெல்ஸ் 1954இல் இதை ஏற்கெனவே அறியப்பட்டிருந்த மெகலோசாரஸின் ஓர் இனம் என்றே வகைப்படுத்தினார். 1964இல் கிடைத்த இன்னொரு எலும்புக்கூட்டின் தலையில் இரட்டைக் கொண்டை தெரிந்தது. 1970இல் டைலோபோசாரஸ் என்ற புதுப்பெயர் வந்தது. 1954இலேயே இனப்பெயராக இட்ட ஜான் வெதரில் என்ற வணிகரின் பெயர் அதிலும் ஒட்டிக்கொண்டது. வில்லியம்ஸின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த விலங்கைப் பற்றிப் பேசும் எவரும் அவரை முதலில் நினைவுகூர்வதுதான் நியாயம்.

எட்டுப் பாதிப்புகள்

வில்லியம்ஸ் காட்டிய அந்த எலும்புக்கூட்டை ஆய்வாளர்கள் ஃபில் சென்டரும் சாரா யுயெங்ஸ்டும் ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்டார்கள். தோளிலும் கைகளிலும் மட்டும் எட்டுப் பாதிப்புகள்! இடது தோள்பட்டை எலும்பும் முன்கை எலும்பு ஒன்றும் முறிந்திருந்தன. கட்டைவிரலில் சீழ் பிடித்த தடம் இருந்தது. வலது மேற்கை எலும்பு முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் விரல் மடக்க முடியாதபடி கோணிப்போயிருந்தது.

முறிந்த இடங்களில் எலும்பு மீண்டும் கூடியிருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். உயிர் போன பிறகு முறிந்த எலும்பு ஒட்டிச் சேராது. அப்படியானால் இந்த விலங்கு அடிபட்ட பிறகும் பல மாதங்கள், ஒருவேளை பல ஆண்டுகள், அந்தக் கைகளோடு இரை தேடித் தின்று வாழ்ந்திருக்கிறது.

தாடையின் பலம்

இதன் தாடை பலவீனமானது, செத்ததைத் தின்றுதான் பிழைத்திருக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆய்வாளர்கள் ஆடம் மார்ஷும் டிமதி ரோவும் ஐந்து எலும்புக்கூடுகளை ஒப்பிட்டு 2020இல் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். உடைந்த பகுதிகளை நிரப்பிய பிளாஸ்டர், அசல் எலும்பாகவே எண்ணப்பட்டுவந்தது தெரிந்தது. தாடை எலும்புகளோ வலுவான தசைகளைத் தாங்கக்கூடியவை. டைலோபோசாரஸ் உயிருள்ள பெரிய இரையையே வீழ்த்தக்கூடிய வேட்டைக்காரன்.

2016இல் எண்ணிய பாதிப்புகளும் 2020இல் பிரித்தறிந்த பிளாஸ்டரும் பல பத்தாண்டுகளாக அருங்காட்சியகத்தில்தான் இருந்தன. பொறுமையாகப் பார்க்க ஆள் வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான். புதிய எலும்பைத் தோண்டுவதற்குக் கிடைக்கும் பணமும் பாராட்டும், பெட்டியில் இருக்கும் பழைய எலும்பை மறுபடி படிப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.