எழுத்து ஒரு சாட்சி

கெலிஓயாவில் என்னிடம் தமிழ் கற்ற இளைஞன் ஒருவன் இன்று கலியாண வீடுகளில் கித்தார் வாசிக்கிறான். சென்ற மாதம் ஒரு படத்தோடு வந்தான். கித்தாரின் ஓசையை மாற்றுவதற்காகக் காலால் மிதிக்கும் சிறிய உலோகப் பெட்டியின் படம் அது. செம்மஞ்சள் நிறம், ஒரே திருகு, சுழித்தெழுதிய பெயர்.

"ஐயா, எழுத்து இப்படி இருப்பதால் இது பழையதாம். இரட்டை விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" என்றான். இரண்டு மாத உழைப்பின் பணம் அவனிடம் இருந்தது.

நான் இசைக் கருவி அறியேன். ஆயினும் எழுத்தோடு வாழ்ந்தவன். அப்பெட்டிகளின் கதையைத் தேடிப் படித்தேன்.

1962-இல் அமெரிக்காவில் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' வெளிவந்தது. பழுப்பு நிறப் பெட்டி. செய்யும் வேலையையே பெயராகத் தாங்கியது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'சற்றிஸ்பாக்சன்' பாடலில் ஒலித்த பிறகே அது பெரும் புகழ் பெற்றது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆர்பிட்டர் நிறுவனம் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டப் பெட்டியை வெளியிட்டது. இரு திருகுகள் கண்களாகவும் கீழ் வளைவு புன்னகையாகவும் அமைய, பெட்டியே முகமாயிற்று. பின்னர், முகம் அவ்வாறே இருக்க, உள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போய்ச் சிலிக்கன் வந்தது, ஓசை கூர்மையாயிற்று. முகத்தை மட்டும் கண்டவர் இதனை அறியார்.

இளைஞன் காட்டிய பெட்டியோ எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் 'ஃபேஸ் 90', ஓசையைச் சுழலச் செய்வது, 1974-இல் தோன்றியது. 1977-ஐ ஒட்டி அதன் சுழியெழுத்து நீங்கிக் கட்டெழுத்து வந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே உட்சுற்றும் சிறிது மாறி, சுழற்சி அழுத்தம் பெற்றது. இங்கே எழுத்து மெய் சொன்னது.

அதே 1977-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஒரே வார்ப்பில் மூன்று பெட்டிகளை மஞ்சள், பச்சை, சிவப்பு என நிறத்தால் வேறுபடுத்தியது. இருண்ட மேடையில் குனிந்து எழுத்தைப் படிக்க எவனுக்கு அவகாசம் உண்டு?

ஆனால் 1987-இல் எம்.எக்ஸ்.ஆர். பெயரை வாங்கிய டன்லப் நிறுவனம், பின்னாளில் பழைய சுழியெழுத்தைப் புதிய பெட்டிகளிலும் பொறித்தது. ஆகவே எழுத்தைக் கொண்டு மட்டும் வயதைத் துணிய இயலாது.

"தம்பி, எழுத்து ஒரு சாட்சிதான், நீதிபதி உன் செவி. பெட்டியைத் திறந்து காட்டச் சொல். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்" என்றேன்.

மறுவாரம் வந்தான். திறந்து காட்ட விற்பவர் இசையவில்லையாம். வேறோர் இடத்தில் கட்டெழுத்துப் பெட்டி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தான். "என் காதுக்கு இதுவே பிடித்தது, ஐயா" என்றான்.

மகிழ்ந்தேன். ஆயினும் ஒன்றை ஒளிப்பானேன்? எழுத்தழகு என்று வந்தால், என் மனம் இன்னும் அந்தச் சுழியெழுத்தின் பக்கமே சாய்கிறது.