பொழுதுபோக்கு ஊர்தி மின்கலவடுக்கு மின்னேறாமை

பொழுதுபோக்கு ஊர்தி மின்கலவடுக்கு மின்னேறாமை என்பது, ஊர்தி வெளி மின்சாரத்தில் இணைக்கப்பட்டிருந்தும் அதன் வாழ்பகுதிக்குரிய 12 வோல்ட்டு மின்கலவடுக்கு (பாட்டரி) மின்னேற்றம் பெறாமல் இருக்கும் பழுது நிலையாகும். ஆர்.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொழுதுபோக்கு ஊர்திகள் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் மிகுதியாகப் பயன்பாட்டில் உள்ளன. சமையலறை, படுக்கை, கழிவறை ஆகியவற்றைக் கொண்ட இவ்வூர்திகளில் தாமே இயங்குபவையும் உண்டு, வேறொரு வண்டியால் இழுக்கப்படுபவையும் உண்டு. முகாமிடும் இடத்திலோ வீட்டு முற்றத்திலோ கம்பிவடம் மூலம் இவற்றுக்கு வழங்கப்படும் மின்சாரம் கரை மின்சாரம் எனப்படுகிறது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் வழங்கும் வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்தது.

இப்பழுது ஏற்படும்போது பலரும் முதலில் மின்கலவடுக்கையே ஐயுற்றுப் புதியது வாங்குகின்றனர். ஆனால் மின்கலவடுக்கு என்பது ஒரு நீண்ட மின்வழியின் கடைசிக் கண்ணி மட்டுமே. அதற்கு முன் உள்ள எந்தக் கண்ணி அறுந்தாலும் புதிய மின்கலவடுக்கும் சில நாட்களில் வடிந்துவிடும்.

மின்வழியின் அமைப்பு

வட அமெரிக்காவில் கரை மின்சாரம் பெரும்பாலும் இரு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று 120 வோல்ட்டு, 30 ஆம்பியர் இணைப்பு. இதன் உச்சத் திறன் 3,600 வாட்டு. மற்றொன்று இரண்டு 120 வோல்ட்டு கம்பிகளைக் கொண்ட 50 ஆம்பியர் இணைப்பு. இதன் உச்சத் திறன் 12,000 வாட்டு. ஐரோப்பாவில் 230 வோல்ட்டு வழங்கப்படுகிறது. இவை அனைத்தும் மாறுதிசை மின்சாரம் ஆகும். மின்கலவடுக்கு ஏற்பதோ நேர்திசை மின்சாரம். எனவே ஊர்தியினுள் கன்வெர்ட்டர் என்னும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. இது 120 வோல்ட்டு மாறுதிசை மின்சாரத்தை ஏறத்தாழ 13 முதல் 14.4 வோல்ட்டு வரையிலான நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது.

மின்சாரம் செல்லும் வரிசை பின்வருமாறு:

1. முகாம் இடத்தின் மின்பெட்டி
2. கரை மின்சாரக் கம்பிவடம்
3. ஊர்தியின் முதன்மைச் சுற்று முறிப்பான் (பிரேக்கர்)
4. கன்வெர்ட்டருக்கான சுற்று முறிப்பான்
5. கன்வெர்ட்டர்
6. நேர்திசை உருகிகள் (ஃபியூஸ்)
7. மின்கலவடுக்குத் துண்டிப்பு ஆளி
8. மின்கலவடுக்கின் முனைகள்

பழுது மறைந்திருக்கும் விதம்

கரை மின்சாரத்தில் இருக்கும்போது ஊர்தியின் விளக்குகளுக்கும் நீர் எக்கிக்கும் தேவையான 12 வோல்ட்டு மின்சாரத்தைக் கன்வெர்ட்டர் நேரடியாகவே தருகிறது. ஆகவே கன்வெர்ட்டருக்கும் மின்கலவடுக்குக்கும் இடையே உள்ள இணைப்பு அறுந்திருந்தாலும் விளக்குகள் ஒளிரும். இதனைக் கண்டு மின்னேற்றம் நடைபெறுவதாகக் கருதுவது தவறு. கம்பிவடத்தைக் கழற்றியவுடன் ஊர்தி இருளும்போதே உண்மை தெரியவரும். இதற்கு மாறாக, கன்வெர்ட்டர் பழுதுற்றிருந்தால் விளக்குகள் மின்கலவடுக்கிலிருந்தே ஒளிரும். ஓரிரு நாட்களில் மெல்ல மங்கும். குளிர்பதனி, நுண்ணலை அடுப்பு, சுவர் மின்செருகிகள் ஆகியவை 120 வோல்ட்டில் நேரடியாக இயங்குவதால், அவை இயங்குவது மின்னேற்றத்துக்குச் சான்றாகாது.

இப்பழுது வசதிக் குறைவோடு நின்றுவிடுவதில்லை. புரொப்பேன் கசிவு உணரியும், பல ஊர்திகளில் கார்பன் ஓரொட்சைடு உணரியும் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் வாயு உலையின் விசிறிக்கும் அதே மின்சாரம் தேவை. இழுத்துச் செல்லப்படும் ஊர்தி இழுக்கும் வண்டியிலிருந்து தற்செயலாகப் பிரிந்துவிட்டால், அதன் மின்தடுப்பை இயக்கி நிறுத்துவதும் ஊர்தியின் மின்கலவடுக்கே. வடிந்துபோன மின்கலவடுக்குடன் நெடுஞ்சாலையில் செல்வது இதனால் ஆபத்தானது.

பாதுகாப்பு

120 வோல்ட்டு மின்சாரம் உயிரைப் பறிக்க வல்லது. கன்வெர்ட்டரையோ சுற்று முறிப்பான் பெட்டியையோ திறப்பதற்கு முன் கம்பிவடத்தைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரம் உள்ள நிலையில் செய்ய வேண்டிய அளவீடுகளைப் பழக்கமுள்ளவரே செய்தல் நலம். ஈய-அமில மின்கலவடுக்கு மின்னேறும்போது ஐதரசன் வளிமம் வெளிப்படுகிறது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே இது தீப்பற்றக்கூடும் என்பதால் அருகில் தீயோ தீப்பொறியோ இருத்தல் கூடாது. மின்கலவடுக்கில் உள்ள கந்தக அமிலம் கண்ணையும் தோலையும் புண்படுத்தும். இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

அடிப்படைச் சோதனை

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பழுதின் இடத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம். முதலில் கரை மின்சாரத்தை இணைக்காமல் மின்கலவடுக்கின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் கரை மின்சாரத்தை இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். அளவு 13 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்தால் மின்னேற்றம் வந்துசேர்கிறது. பழுது பெரும்பாலும் மின்கலவடுக்கினுள் இருக்கலாம். மிகவும் வடிந்த மின்கலவடுக்கில் மின்னழுத்தம் மெதுவாகவே உயரும் என்பதால் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அளவு சிறிதும் மாறாதிருந்தால் பழுது மின்வழியில் உள்ளது.

முழுமையாக மின்னேறிய மின்கலவடுக்கில் கன்வெர்ட்டர் தானே மின்னோட்டத்தைக் குறைத்து, 13.2 முதல் 13.6 வோல்ட்டு அளவில் நிறுத்திவைக்கும். இது பழுதன்று.

மாறுதிசை மின்சாரப் பகுதி

முதலில் முகாம் மின்பெட்டியின் சுற்று முறிப்பான் இயங்கு நிலையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பாதி விழுந்த முறிப்பான் பார்வைக்கு இயங்குவதுபோலத் தோன்றும். அதனை முழுமையாக அணைத்து, பின்னர் இயக்குதல் வேண்டும். கம்பிவடத்தின் செருகிகள் கருகியோ உருகியோ இருந்தால் அது தளர்ந்த இணைப்பின் அறிகுறி. அத்தகைய கம்பிவடத்தைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டு மின்செருகியில் மெல்லிய நீண்ட நீட்டிப்புக் கம்பி மூலம் இணைக்கும்போது மின்னழுத்தம் வீழ்ச்சியடைகிறது. பாதுகாப்புக் கருவி பொருத்தப்பட்ட ஊர்திகளில், மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் அக்கருவி மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிடும்.

அடுத்து, ஊர்தியினுள் கன்வெர்ட்டருக்கான சுற்று முறிப்பானைச் சோதிக்க வேண்டும். சில ஊர்திகளில் கன்வெர்ட்டர் ஒரு சாதாரண மின்செருகியில் மாட்டப்பட்டிருக்கும். அம்மின்செருகி நிலக்கசிவுப் பாதுகாப்பு உடையதாயின், அதன் பொத்தான் விழுந்திருக்கக்கூடும்.

கன்வெர்ட்டர்

கன்வெர்ட்டருக்கு 120 வோல்ட்டு வந்துசேர்கிறது, ஆனால் வெளியீட்டில் 12 வோல்ட்டு அளவு கூட இல்லை எனில் உடனே அதனைப் பழுதென முடிவு செய்தல் கூடாது. பல கன்வெர்ட்டர்களில் எதிர்த்துருவப் பாதுகாப்பு உருகிகள் உள்ளன. மின்கலவடுக்கு ஒரு நொடி தலைகீழாக இணைக்கப்பட்டாலும் இவை எரிந்துபோகும். அப்போது கன்வெர்ட்டர் நன்றாக இருந்தும் மின்சாரம் மின்கலவடுக்கைச் சென்றடையாது.

இத்தவறு அடிக்கடி நேர்வதற்குக் கம்பிகளின் நிறமும் ஒரு காரணமாகும். தானுந்துகளில் கருப்புக் கம்பி பொதுவாக எதிர்முனையைக் குறிக்கும். ஆனால் வட அமெரிக்கப் பொழுதுபோக்கு ஊர்திகள் பலவற்றில் 12 வோல்ட்டு வழியிலும் கருப்பு நேர்முனையையும் வெள்ளை எதிர்முனையையும் குறிக்கின்றன. குளிர்காலத்தில் கழற்றிய மின்கலவடுக்கை இளவேனிலில் மீண்டும் மாட்டும்போது இக்குழப்பம் ஏற்படுகிறது. கழற்றுவதற்கு முன் கம்பிகளில் அடையாளம் இடுவது இதனைத் தவிர்க்கும்.

உருகிகள் நன்றாக இருந்து, மின்கலவடுக்கைப் பிரித்த நிலையிலும் வெளியீடு இல்லையெனில் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும். எனினும் சில வகைக் கருவிகள் மின்கலவடுக்கின் மின்னழுத்தத்தை உணர்ந்த பின்னரே இயங்கத் தொடங்கும் என்பதால் கையேட்டைப் பார்த்தல் அவசியம். கன்வெர்ட்டரின் காற்றோட்டத் துளைகள் அடைபட்டிருந்தால் அது சூடேறித் தானே நின்றுவிடும்.

நேர்திசை மின்சாரப் பகுதி

கன்வெர்ட்டரில் 13.6 வோல்ட்டு இருந்து, மின்கலவடுக்கில் 12.2 வோல்ட்டு மட்டுமே இருந்தால் பழுது இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. இங்குச் சோதிக்க வேண்டியவை:

* துண்டிப்பு ஆளி: ஊர்தியை நிறுத்திவைக்கும்போது அணைத்த ஆளியை மீண்டும் இயக்க மறப்பது மிக எளிய காரணம். பல ஊர்திகளில் இவ்வாளி அணைந்திருந்தால் மின்னேற்றமும் நின்றுவிடும்.
* மின்கலவடுக்கின் அருகில் உள்ள உருகி அல்லது சிறிய சுற்று முறிப்பான்: இழுவை ஊர்திகளில் இது வெளியில் மழைக்கும் சாலை உப்புக்கும் ஆட்படுவதால் துருப்பிடிக்கிறது.
* முனைகள்: வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்த அரிமானம் மின்தடையை உயர்த்துகிறது. சமையல் சோடா கரைத்த நீரால் அதனைக் கழுவலாம். அந்நீர் கலத்தினுள் செல்லக் கூடாது.
* எதிர்முனைக் கம்பி சட்டகத்துடன் இணையும் இடம்: இங்கு வண்ணப்பூச்சோ துருவோ இருந்தால் மின்சுற்று நிறைவடையாது.

மின்கலவடுக்கின் நிலை

ஈய-அமில மின்கலவடுக்கை 1859 இல் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். 12 வோல்ட்டு மின்கலவடுக்கில் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு கொண்ட ஆறு கலங்கள் உள்ளன. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பின் 12.6 வோல்ட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் அது முழுமையாக மின்னேறியது. 12.2 வோல்ட்டு ஏறத்தாழ பாதி அளவைக் குறிக்கும். எவ்வளவு மின்னேற்றினாலும் 10.5 வோல்ட்டு அளவிலேயே நின்றால் ஒரு கலம் குறுக்குச்சுற்று அடைந்திருக்கலாம். திறக்கக்கூடிய வகையில் நீர்மமானியால் ஒவ்வொரு கலத்தையும் அளக்கலாம். முழுமையாக மின்னேறிய கலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.265 ஆகும். கலங்களுக்கிடையே 0.050 அளவு வேறுபாடு இருந்தால் அம்மின்கலவடுக்கு பழுதுற்றது எனலாம்.

நீண்ட நாள் வடிந்த நிலையிலேயே விடப்பட்டால் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, மின்னேற்றத்தை ஏற்கும் திறன் குறைகிறது. வடிந்த மின்கலவடுக்கின் அமிலம் பெரிதும் நீர்த்திருப்பதால் கடுங்குளிரில் உறைந்து உறையைப் பிளக்கும். உறைந்த மின்கலவடுக்கை மின்னேற்ற முயலுதல் கூடாது. நீர்மட்டம் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்க வேண்டும்.

இலித்தியம் இரும்பு பாசுபேட்டு வகை

இவ்வகையில் உள்ள மேலாண்மைச் சுற்று, மின்கலவடுக்கு அளவுக்கு மீறி வடியும்போது முனைகளைத் துண்டித்துவிடும். அப்போது மல்டிமீட்டர் ஏறத்தாழ சுழியைக் காட்டும்; மின்கலவடுக்கு செத்துவிட்டதாகத் தோன்றும். தகுந்த மின்னேற்றியைக் கொண்டு அதனை மீண்டும் எழுப்ப இயலும். 0 °செ. வெப்பநிலைக்குக் கீழே மேலாண்மைச் சுற்று மின்னேற்றத்தைத் தடுப்பது பாதுகாப்புச் செயலே. ஈய-அமிலத்துக்கென அமைந்த பழைய கன்வெர்ட்டர் இவ்வகையை முழுமையாக மின்னேற்றாமல் விடக்கூடும். இதற்குப் பொதுவாக 14.2 முதல் 14.6 வோல்ட்டு தேவைப்படுகிறது.

பழுதெனத் தவறாகக் கருதப்படுபவை

தாமே இயங்கும் ஊர்திகளில் இரண்டு மின்கலவடுக்குகள் உண்டு: இயந்திரத்தைத் தொடக்குவதற்கு ஒன்று, வாழ்பகுதிக்கு மற்றொன்று. பல ஊர்திகளில் கரை மின்சாரம் வாழ்பகுதி மின்கலவடுக்கை மட்டுமே மின்னேற்றும். ஆகவே இயந்திரம் தொடங்காமை கன்வெர்ட்டர் பழுதைக் காட்டாது.

மின்னேற்றத்துக்கு எடுக்கும் காலமும் குழப்பம் தரும். பாதி வடிந்த 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலவடுக்குக்கு 50 ஆம்பியர்-மணி தேவை. 45 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தில் இதனை நிறைவு செய்துவிடாது. நிறைய நிறைய மின்கலவடுக்கு ஏற்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதால் பல மணி நேரம் ஆகும். ஓரிரவு முழுவதும் இணைத்துவைத்து, மறுநாள் கம்பிவடத்தைக் கழற்றி, சில மணி நேர ஓய்வுக்குப் பின் மின்னழுத்தத்தை அளந்து பார்த்த பின்னரே மின்கலவடுக்கைப் பற்றி முடிவு செய்தல் பொருத்தமாகும்.