தேக்காவுக்குப் போனால் மலையும் ஏறுங்கள்!

சிங்கப்பூர் போய் வந்தோம் என்று நம்மவர்கள் சொன்னால், பெரும்பாலும் தேக்காவுக்குப் போய் வந்ததாகவே அர்த்தம். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, சிராங்கூன் ரோட்டில் இரண்டு சேலை, வாழையிலைச் சாப்பாடு, பிறகு பஸ். அந்த ஊரில் ஏறிப் பார்க்க மலைகளும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் அம்மாவை ஃபேபர் மலைக்கு அழைத்தேன். "முப்பது வருஷம் மேட்டுக்காட்டிலே காண்டா தூக்கி ஏறி இறங்கினேன். கூலி கொடுத்தாங்க, ஏறினேன். சும்மா எதுக்குடா ஏறணும்?" என்றார். பேரப்பிள்ளைகள் விடவில்லை.

வழி சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால், வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம். அருகிலேயே மாராங் பாதை தொடங்குகிறது. சுமார் 800 மீட்டர்தான். ஆனால் படிகள் மூச்சு வாங்க வைக்கும். அம்மா நின்று நின்று ஏறினார்.

1845ஆம் ஆண்டு, கப்பல்களுக்குச் சைகை காட்டும் நிலையத்தை ஆங்கிலேயர் இங்கே அமைத்தனர். மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஃபேபரின் பெயர் மலைக்கு நிலைத்தது.

உச்சியில் நின்றால் துறைமுகமும் செந்தோசாவும் கடலும் கண் முன்னே விரிகின்றன. செந்தோசாவுக்கு அப்பால் இருப்பது செயின்ட் ஜான்ஸ் தீவு. 1874இல் அங்கே நோய்த்தடுப்பு முகாம் ஏற்பட்டது. கப்பலில் வந்தவர்களை நோயில்லை என்று உறுதியாகும்வரை அங்கே தங்க வைத்தார்கள். எங்கள் தாத்தாவும் அப்படிச் சில நாள் தங்கியவர்தாம்.

திசையைக் காட்டினேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா இந்தக் கடலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாரு" என்றார். சற்றுக் கழித்து, "மேட்டுக்காட்டிலே மரத்தையும் மங்கையும்தான் பார்த்தேன். சுத்திலும் என்ன இருக்குன்னு நின்னு பார்க்க ஏது நேரம்?" என்றார்.

கால் வலிக்காதவர்கள் அங்கிருந்து ஹெண்டர்சன் அலைப் பாலம் வரை நடக்கலாம். 2008இல் திறந்த அப்பாலம் 274 மீட்டர் நீளம். சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரம். தரையெல்லாம் பாலாவ் மரப்பலகை. நடக்கக் கட்டணம் இல்லை.

காலையிலோ மாலை ஐந்துக்கு மேலோ செல்லுங்கள். தண்ணீரும் குடையும் அவசியம். ஆயுளெல்லாம் பிழைப்புக்காக மேடு ஏறிய பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். உச்சியில் உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் பார்க்க விடுங்கள்.